மாத்திரை வீட்டில் இருக்கிறது, வயிற்றுக்குப் போகவில்லை: ஏற்காட்டு மலையில் இதை எப்படிக் கேட்பது?

தறிவீட்டுப்பெண், சேலம்
டிசம்பர் முதல் வாரம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை. சமுதாய நலவாழ்வில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒன்றரை வருடமாக ஏற்காட்டு மலையில், நாகலூருக்கு அப்பால் சில சிற்றூர்களுக்குப் போய் வருகிறேன். ஊர்ப் பெயர்களை எழுதவில்லை. நாற்பது ஐம்பது வீடுகள் உள்ள இடத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று உடனே தெரிந்துவிடும்.

என் ஆய்வு கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரை பற்றியது. 2018-இல் வந்த ரத்தசோகை இல்லா இந்தியா திட்டப்படி, நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பிரசவம் வரை குறைந்தது 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை இலவசம். நர்ஸம்மா வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார். அப்படியிருந்தும் இந்த நிலைமை ஏன் என்பதுதான் என் கேள்வி.

போன மாதக் கடைசியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டதால் பகலில் யாரையும் வீட்டில் பார்க்க முடியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம், இரண்டாவது குழந்தை. எஸ்டேட்டிலிருந்து வந்து கால்கூடக் கழுவவில்லை, எனக்காக உட்கார்ந்தார். கேள்வித்தாளில் பதினான்காவது கேள்வி: "இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறீர்களா?" "சாப்பிடுறேன்க" என்றார். டிக் அடித்தேன்.

கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தார்கள் என்று பார்க்கத் தாய் சேய் அட்டையைக் கேட்டேன். பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். அட்டையோடு சேர்ந்து, ரப்பர் பேண்ட் போட்ட நான்கு மாத்திரை அட்டைகளும் விழுந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மூன்று வயதுப் பெரிய குழந்தை அதை எடுத்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்ட ஆரம்பித்தது.

அவர் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "நர்ஸம்மா பாவம்ங்க, மழையில நடந்து வந்து குடுக்குறாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

கீழே இறங்கும் கடைசி பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு அதே நினைப்புதான். அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. "ரத்தம் ஊறும், கொழந்தைக்கு நல்லது" என்று அவரே எனக்கு முன்பு சொல்லியிருக்கிறார். அவரைப் பொய் சொல்ல வைத்தது என் கேள்வி. "ஆமாம்" என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலும் மரியாதையாக இருக்காது என்ற மாதிரி அதைக் கேட்டிருக்கிறேன்.

என் கேள்வித்தாள், 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் உருவான நலநம்பிக்கை மாதிரியை வைத்துச் செய்தது. நோய் வரும் என்ற எண்ணம், வந்தால் கடுமை என்ற எண்ணம், செய்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கை, குறுக்கே நிற்கும் தடைகள் என்று எல்லாவற்றையும் அது கேட்கச் சொல்கிறது. நானோ தடைகளுக்கு ஒதுக்கியது இரண்டே கேள்வி. மீதியெல்லாம் "உங்களுக்குத் தெரியுமா?" வகை. தெரியும் என்ற பதில்களை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

களத்தில் வேலை செய்தவர்களிடம் கேட்கிறேன். பொய் சொல்லத் தேவையில்லாதபடி இதை எப்படிக் கேட்பது? உங்கள் அனுபவத்தில் இந்த மாத்திரை விஷயத்தில் உண்மையாகவே எது மாறியது, எதனால் மாறியது? அப்புறம், வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எண்ணலாமா? அறிவியல் படி அதுதான் சரி என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய செவிலியர், ஓமலூர்

கண்ணு, நான் 31 வருஷம் கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் ஒன்பது வருஷம் கருமந்துறைப் பக்கம் கல்வராயன் மலையில். நீ சொன்ன பிஸ்கட் டப்பா மாதிரி நான் அரிசிப் பானையில் பார்த்திருக்கிறேன், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. நாம இவ்வளவு தூரம் நடந்து வந்து தர்றோமே என்று. அந்தக் கோபம் போக எனக்கு ரெண்டு மூணு வருஷம் ஆச்சு.

முதல் விஷயம். மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். மாத்திரை கொடுக்கிற அன்றைக்கே, வாய்விட்டு, கூச்சப்படாமல். சொல்லாமல் விட்டால் நாலாம் நாள் அவள் பயந்துபோய் நிறுத்திவிடுவாள். நிறுத்தினதை நம்மிடம் சொல்லவும் மாட்டாள். முன்னாடியே சொல்லியிருந்தால் அதே கறுப்பு "மாத்திரை உள்ளே போகுது" என்பதற்கு அடையாளமாகிவிடும். குமட்டலும் அப்படித்தான். முதல் சில நாள் பொரட்டும், சோறு சாப்பிட்ட பிறகு ராத்திரியில் போட்டுப் படுத்துக்கொள் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

ரெண்டாவது, சுண்ணாம்புச்சத்து மாத்திரை. ரெண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தால் ரெண்டையும் ஒண்ணாத்தான் விழுங்குவார்கள். கால்சியம் இரும்பைச் சேரவிடாது. கால்சியம் பகலில் சாப்பாட்டோடு, சிவப்பு ராத்திரி என்று பிரித்துச் சொல். நான் கவர் மேலே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பேன். படிப்பு வராத ஆயாவுக்கும் அது புரியும்.

மூணாவதுதான் முக்கியம். "மாத்திரை போட்டா கொழந்தை பெருசாயிரும்" என்று மலையில் சொல்வார்கள். கீழே இருக்கிறவர்கள் இதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீ அப்படி எழுதாதே. 2008-இல் 108 வண்டி வருவதற்கு முன்னால் வலி எடுத்தவளைத் தூளி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு இடத்தில் பெரிய குழந்தை என்றால் அது பயப்பட வேண்டிய விஷயம்தானே? பெரிய குழந்தை பிறக்கும் வழியில் மாட்டிக்கொள்ளும், தாயும் போய்விடுவாள். அவர்கள் பார்த்த சாவுகளிலிருந்து வந்த கணக்கு அது. அதனால் "அப்படியெல்லாம் ஆகாது" என்று அடித்துப் பேசினால் எடுபடாது. நான் சொன்னது இதுதான்: "ஆயா, இது கொழந்தையை ஊதிப் பெருசாக்காது, எளைச்சுப் போகாமப் பாத்துக்கும். பிரசவத்துல ரத்தம் போறப்ப உன் மருமவ தாங்கணும்ல, அதுக்குத்தான் இது." ரத்தம் போய் இறந்தவர்களையும் அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் கேட்டுக்கொண்டார்கள்.

எப்படிக் கேட்பது என்றாயே. "சாப்பிட்டியா" என்று கேட்காதே. "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் என்னென்ன செஞ்சே" என்று கேள். அதில் மாத்திரை வருதா இல்லையா என்று பார்.

இன்னொன்றும் கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல். உன் வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் யார்? அந்த மாத்திரை வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது?

மலையூர்க்காரி

அக்கா, நான் அந்த மலைதான். இப்போது சேலத்தில் நர்சிங் இரண்டாம் ஆண்டு. என் அம்மா இன்னும் எஸ்டேட் வேலைக்குப் போகிறார். உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

எங்கள் வீட்டுக் காலை இப்படி இருக்கும். நாலரைக்கு எழுந்து தண்ணி பிடிக்க வேண்டும். அடுப்பு மூட்டி வரக்காப்பி. அது உள்ளே போனால்தான் குளிருக்குக் கை அசையும். களி கிண்டி, பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். காலையில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, தூக்குவாளியில் எடுத்துப்போய்ப் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவோம். இப்போது சொல்லுங்கள், "காலையில் மாத்திரை போடு" என்றால் வெறும் வயிற்றில் வரக்காப்பியோடு போடுவதுதான் வழி. போட்டுவிட்டு இடுப்பில் கூடையோடு சரிவில் நின்றால் தலை சுற்றும். ஒருதரம் வாந்தி எடுத்தால் மேஸ்திரி வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அன்றைய கூலி போயிற்று. என் அம்மா என் தம்பியைச் சுமந்தபோது நடந்தது இது. மாத்திரையை விட்டது பயத்தால் இல்லை அக்கா, கூலிக்காக.

மழைக்காலத்தில் இன்னொன்று. உதிரி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தந்தால் ஈரத்தில் மேல்பூச்சு கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துரு வாடை வேறு. அதைக் கையில் எடுத்தாலே குமட்டும்.

இன்னொரு வேண்டுகோள். எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் "பழங்குடியினரிடம் விழிப்புணர்வு குறைவு" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். என் பாடப் புத்தகத்திலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது. வகுப்பில் அதை நான் எழுந்து வாசிக்க வேண்டியிருந்தது. நீங்கள் அந்த வரியை எழுத மாட்டீர்கள்தானே?

தறிவீட்டுப்பெண்

எழுத மாட்டேன் தங்கச்சி. என் ஆய்வு முன்மொழிவில் கிட்டத்தட்ட அந்த வரி இருக்கிறது, உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. இன்று காலை அதை எடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கூலி பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

செவிலியர் அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்.

புள்ளியியல்காரர், ஆத்தூர்

வாய்வார்த்தைக் கணக்கு உண்மையைவிடக் கூடத்தான் இருக்கும், இது எல்லா நாட்டிலும் தெரிந்த சங்கதி. அதனால் எண்ணத்தான் வேண்டும். ஆனால் திடீரென்று போய் எண்ணக் கூடாது. முதல் நாளே "அடுத்த தடவை வரும்போது அட்டையைப் பார்க்கலாமா" என்று கேட்டு, அவர்களே எடுத்துக் காட்டட்டும். மறுத்தால் மறுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையே இல்லாத ஆய்வை நாளை யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் நஷ்டம் அந்தப் பெண்களுக்கும்தான் அம்மா.

இரண்டு பழைய வேலைகளைப் படியுங்கள். வியட்நாமில் 1990-இல் ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் ஊட்டக்குறை உள்ள கிராமங்களுக்குப் போனார்கள். ஏன் இத்தனை பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, அதே ஏழ்மையில் எந்த வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று தேடினார்கள். அந்த வீடுகளில் வயலில் கிடைக்கும் குட்டி இறாலையும் நண்டையும் சோற்றில் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரு நாளில் அதிகத் தடவை ஊட்டினார்கள். வழி ஊருக்குள்ளேயே இருந்தது. இன்னொன்று, ஜார்கண்ட், ஒடிசாவில் ஏக்ஜுட் அமைப்பு பழங்குடிக் கிராமங்களில் நடத்தியது. பெண்கள் குழுவாகக் கூடி, கதையும் படமும் வைத்துத் தங்கள் பிரச்சினையைத் தாங்களே பேசித் தீர்த்தார்கள். 2010 லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவு.

உங்கள் ஊர்களில் மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டு முடித்த பெண் ஒருத்தியாவது இருப்பாள். அவளைக் கண்டுபிடித்தீர்களா?

தறிவீட்டுப்பெண்

இல்லை சார். சாப்பிடாதவர்களை மட்டுமே ஒன்றரை வருடமாகத் தேடியிருக்கிறேன். கேட்டு எண்ணுவது பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். "மறுத்தால் மறுப்பு" என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சமுதாய மருத்துவம் படிப்பவன்

மேடம், மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

காப்பி: 1983-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் உணவோடு ஒரு கோப்பை காப்பி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்ததில் பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் கூடவே குடித்த அளவுக்குத் தடை இருந்தது. ஆகவே "முதலில் மாத்திரை, அப்புறம் காப்பி" என்று சொன்னால் உதவாது. சாயங்காலக் காப்பி ஆறு மணிக்கு, மாத்திரை இரவு ஒன்பதுக்கு என்றால் சரி.

எலுமிச்சை, கமலா ஆரஞ்சு பற்றி எல்லோரும் சொல்வார்கள். உணவிலுள்ள இரும்புக்கு உதவும். மாத்திரைக்கு மேல் வைட்டமின் சி சேர்ப்பதால் பெரிய பலனில்லை என்று 2020-இல் சீனாவில் நடந்த சோதனை காட்டியது. பழம் கிடைத்தால் சாப்பிடட்டும், கிடைக்காதவர் அதற்காக மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: இரும்பு போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து ஒரு நாள் வரை அடுத்த இரும்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. 2017-இல் சூரிச் ஆய்வாளர்கள், ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டவர்களுக்கு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு சேர்ந்தது என்று கண்டார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கர்ப்பிணிகள் இல்லை. கர்ப்பிணிக்கு இங்கே தினமும் என்பதுதான் விதி, அதை நாமாக மாற்றக் கூடாது. நேற்று விட்டுப்போனால் இன்று ஒன்றைப் போட்டுத் தொடர்ந்தால் போதும். சேர்த்து இரண்டு போட வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தின் சிவப்புச் சத்து) டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் பழக்கத்தை மாற்றுவது பற்றிப் பேச நேரமில்லை, அன்றே மருத்துவமனை. ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றாலும் அனுப்ப வேண்டும். காரணம் வேறாக இருக்கலாம். செருப்பில்லாமல் ஈர மண்ணில் வேலை செய்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு உண்டு, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் புழு மாத்திரை கொடுத்தார்களா என்று பாருங்கள். அந்த டப்பா வீட்டுப் பெண்ணின் தாய் சேய் அட்டையில் என்ன அளவு இருந்தது? அன்று பார்த்தீர்களா?

தறிவீட்டுப்பெண்
ஜனவரி, பொங்கலுக்கு முன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

டாக்டர், அன்று நான் அளவைப் பார்க்கவில்லை. மாத்திரை அட்டைகளைப் பார்த்த அதிர்ச்சியில் தாய் சேய் அட்டையைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் படித்த மறுநாளே மேலே போனேன். 9.2. ஆபத்தான எல்லையில் இல்லை என்று தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். இனி எந்த வீட்டிலும் என் கேள்வித்தாளைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பேன்.

செவிலியர் அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பதினொரு வருடமாக ரத்த அழுத்த மாத்திரை. அது குழித்தறிக்குப் பக்கத்தில் தார்ப் பெட்டிக்குள், அதாவது நெய்யும் ஊடைநூல் சுற்றிய தார்களை வைக்கும் பெட்டிக்குள், இருக்கிறது. காலையில் கூழ் குடித்துவிட்டுத் தறியில் இறங்கி உட்கார்ந்ததும், முதல் தாரை எடுக்கப் பெட்டியைத் திறப்பார், மாத்திரையைப் போட்டுக்கொள்வார், நாடாவை எடுப்பார். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அம்மாதான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: பாவு நூல் தீர்ந்து தறி நிற்கிற நாட்களில் அப்பா மாத்திரையை மறந்துவிடுவாராம். அந்த நாட்களில் அம்மாவே எடுத்துக் கையில் கொடுப்பாராம்.

இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தறி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேள்வித்தாள் போட்டால் அவர் தேற மாட்டார். பக்கவாதம் வரும் என்ற பயம்கூட அவருக்குப் பெரிதாக இல்லை. அந்த மாத்திரைக்கு அவருடைய நாளில் ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று ஒரு செயலோடு இன்னொன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டால் சொன்னதைச் செய்து முடிப்பவர்கள் அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதியதை நான் பாடமாகவே படித்திருக்கிறேன். அது என் வீட்டுத் தறிக்குழியில் பதினொரு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

சரி, மலைக்கு வருகிறேன். தங்கச்சியின் அம்மா துணைக்கு வந்தார்கள். வேலையில்லாத ஒரு நாள், ஒரு வீட்டு முற்றத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளுமாகச் சிலர் உட்கார்ந்தோம். கேள்வித்தாளை எடுத்துப்போகவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். விறகு, அடுப்பு, குழந்தைக்குச் சளி, டிவி தொடர், எஸ்டேட்டில் நடந்த சண்டை, எல்லாம் வந்தன. மாத்திரை வரவில்லை. ஒருத்தி பேச்சில் மட்டும் வந்தது, அதுவும் போகிற போக்கில்: "போனைச் சார்ஜ்ல மாட்டிட்டு, மாத்திரையைப் போட்டுக்கிட்டு, படுத்துட்டேன்."

மூன்றாவது குழந்தை பெற்று இரண்டு மாதமான பெண். சார்ஜர் மாட்டும் ஆணியிலேயே மாத்திரை அட்டையை ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார். கர்ப்ப காலம் முழுக்க அங்கேதான் இருந்ததாம். நான் அந்த வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையேங்க" என்றார்.

அதற்கப்புறம் நான் பேசவே தேவைப்படவில்லை. மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். வாந்தி வரலையா? முதல் நாலு நாள் பொரட்டியது, ஊறுகாய் தொட்டு நக்கிக்கொண்டேன், அப்புறம் சரியாகிவிட்டது. வெளிக்குக் கறுப்பாகப் போச்சா? போச்சு, அடுப்புக்கரி மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். கொழந்தை பெருசா இருந்துச்சா? மடியில் இருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்தார். நான் ஒரு மணி நேரம் படம் காட்டிச் சொல்லியும் நடக்காதது பத்து நிமிடத்தில் அங்கே நடந்தது. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு நிறைவாக இருந்தது.

அவரவர் இடத்தை அவரவரே சொன்னார்கள். ஒருத்தி விளக்கு மாடத்தில் வைக்கிறேன் என்றாள். ஒருத்தி, ராத்திரி கடைசியாகக் கோழிக்கூண்டை மூடுவது தான்தான், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சொருகி வைக்கிறேன் என்றாள். மழை அடிக்கும் பக்கம் அது, வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லி, கதவுக்கு உள்பக்கமாக மாற்றினார்கள். டப்பா வீட்டுப் பெண் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய் அன்றைக்குக் கேட்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். முதல் குழந்தையின்போது சரிவில் வாந்தி எடுத்து, கூலி போனதை அவரும் சொன்னார். தங்கச்சி எழுதியது வார்த்தைக்கு வார்த்தை அதேதான். நர்ஸம்மாவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, "நானே சொல்றேன், நீங்க பக்கத்துல இருங்க" என்றார். சொன்னார். நர்ஸம்மா கோபப்படவில்லை. "எங்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா ராத்திரிக்கு மாத்தியிருப்பேனே கண்ணு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பு மாத்திரையைத் தனிக் கவரில் போட்டு, ஓமலூர் அம்மா சொன்னதுபோல் மேலே சூரியன் வரைந்து கொடுத்தார். நிலாவை நான் வரைந்தேன்.

அவர் சாப்பிடுகிறாரா என்று கேட்பீர்கள். போன வாரம் போனபோது அவரே ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஐந்து மாத்திரை போயிருந்தது. பத்து நாளில் ஐந்து. முன்பாக இருந்தால் பாதிதானே என்று நினைத்திருப்பேன். டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு, விட்டதைப் பற்றிப் பேசாமல், இன்றைக்கு ராத்திரி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

கேள்வித்தாளின் பதினான்காவது கேள்வியை மாற்றி எழுதி, நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அனுப்பியிருக்கிறேன். அதுவரை சேர்த்த அந்தக் கேள்வியின் டிக்குகளை ஆய்வேட்டில் "சாப்பிட்டவர்கள்" என்று காட்டப் போவதில்லை. "சாப்பிடுகிறேன் என்று சொன்னவர்கள்" என்றுதான் எழுதுவேன். வழிகாட்டி இதற்கு முகம் சுளித்தார். பேசிப் புரியவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். இரண்டு வீடுகளில் மாத்திரை மாமியாரின் பொறுப்பில் இருக்கிறது. மருமகள் சம்மதித்தாலும் அவர் எடுத்துத் தர மாட்டேன் என்கிறார். இந்த மாதம் மாமியார்களை மட்டும் தனியாக ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். சரியாக வருமா?

பழைய செவிலியர், ஓமலூர்

உன் அப்பா தறிக்கு ஒரு கும்பிடு, கண்ணு. மாமியார் விஷயத்தில் அந்த மலைப்பிள்ளை சொல்வதைக் கேள், நான் சொல்வதைவிட அதுதான் சரியாக இருக்கும்.

மலையூர்க்காரி

கூட்டம் என்றால் வர மாட்டார்கள் அக்கா. வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது அவரைக்காய் காலம். பொங்கல் முடிந்ததும் மத்தியானம் மூன்று மணி வாக்கில் ஆயாக்கள் எல்லாம் முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அவரை உரிப்பார்கள். நீங்களும் ஒரு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முதல் நாள் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்கள் காலத்தில் பிரசவம் எப்படி நடந்தது என்று கேளுங்கள், சாயங்காலம் வரைக்கும் சொல்வார்கள். அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். சால்வை எடுத்துப் போங்கள், மூன்றரைக்கெல்லாம் பனி இறங்கிவிடும்.